யன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மா சொன்னது

எட்டு வருடம் ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தவள் நான். கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்க்க முடியாத எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். செத்தவர் வந்தார், கனவில் யாரோ சொன்னார் என்று ஒருவர் கதை தொடங்கினால் நான் மெல்ல எழும்பிக் குசினிப் பக்கம் போய்விடுவேன். நீங்கள் இப்போது என்ன முகத்தோடு இதைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் எனக்கும் அதே முகம்தான் இருக்கும். ஆனாலும் இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில், ஆஸ்பத்திரி வாட்டில், சுற்றிவர ஆட்கள் நடமாடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் அப்போது வெரிபீ என்ற புறநகரில் இருந்தோம். முப்பத்துநாலு வயதில் எனக்கு மருத்துவம் படிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆறு வருடப் படிப்பை நாலு வருடத்துக்குள் அடக்கித் தரும் பாடத்திட்டம் ஒன்று இருந்தது, அதில் இடம் கிடைத்தது. அடக்கித் தருவது என்றால் பாடத்தை ஒன்றும் குறைக்கமாட்டார்கள், விடுமுறையையும் நித்திரையையும்தான் குறைப்பார்கள். காலை ரயிலில் நின்றபடி நரம்புகளின் பெயர்களைப் பாடமாக்குவேன். பின்னேரம் என் கணவர் ரமணன் சமைத்துக்கொண்டே குசினி அலுமாரிக் கதவுகளில் நான் ஒட்டி வைத்த தாள்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார், நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொல்வேன். இப்படித்தான் முதல் இரண்டு வருடமும் போனது.

புத்தகம் எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. மனிதர்தான் பிரச்சினை. எட்டு வருடமும் நான் கண்டது இரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை மட்டும், அந்த இரத்தத்துக்கு உரியவரை ஒருநாளும் கண்டதில்லை. மூன்றாம் வருடத்தில் ஒரு பரீட்சை வைப்பார்கள். முன்பின் தெரியாத ஒரு நோயாளியோடு ஒரு மணித்தியாலம் தனியே இருந்து, அவருடைய வருத்தத்தின் முழு வரலாற்றையும் கேட்டு, பிறகு ஒரு நிபுணரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவிக்க வேண்டும். முதல் தடவை நான் தவறிவிட்டேன். என்னைப் பரீட்சித்த டொக்டர் மெக்கின்லி மெலிந்த, அமைதியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். "நீ கேள்விப் பட்டியலை வாசிக்கிறாய். அந்த மனிதர் பாதி பதிலில் இருக்கும்போதே நீ அடுத்ததுக்குப் போய்விடுகிறாய். அவர் மிச்சத்தைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டாம் தடவையும் தவறினால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பப் படிக்க எனக்கு வயதும் இல்லை, தெம்பும் இல்லை.

அந்த இரண்டாம் தடவை ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நோயாளி யார், என்ன வருத்தம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். நாலு கட்டில் அறை, யன்னலோரம் இருக்கும் அம்மா, அவ்வளவுதான் சொன்னார்கள். அன்று காலை அந்த அறையில் ஆட்களைக் கட்டில் மாற்றியிருந்தார்கள், எனக்குரிய நோயாளி எதிர் மூலைக்குப் போயிருந்தார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கையில் கட்டியிருக்கும் பட்டியில் பெயரைப் பார்ப்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். பதற்றத்தில் நான் அதைச் செய்யவில்லை. அது என் பிழை, மறைக்க ஒன்றும் இல்லை.

யன்னலோரம் இருந்தவருக்கு எழுபது வயது மதிக்கலாம். பெயர் சொல்லக்கூடாது, மிரா என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் தலைமுடியைப் பின்னி முன்னால் போட்டிருந்தார், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் பெயரைச் சொல்லி, மருத்துவ மாணவி என்று சொல்லி, கொஞ்சம் கதைக்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுபோல எனக்கு முன்பும் நடக்கவில்லை, பின்பும் நடக்கவில்லை. அவ்வளவு இலகுவாக இருந்தது. என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டேன், எல்லாம் ஒழுங்காக வந்தது. முந்தின நாள் காலை கொடியில் பெட்ஷீற் காயப்போடும்போது தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி தொடங்கியது. மெல்ல மெல்ல அல்ல, ஒரே அடியாக. அங்கேயிருந்து கீழே வயிற்றுக்கு இறங்கியது. அந்த நேரம் வலது கை விறைத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அப்பாவும் மூத்த அக்காவும் ஒரு வருத்தமும் இல்லாமல் இருந்து சடாரென்று போனவர்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன், நாலு பக்கம் நிறைந்தது. யன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் நல்ல வெயில். எதிர்க் கட்டிலில் யாரோ தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படவே இல்லை. நன்றி சொல்லி எழும்பியபோது, இந்த முறை தப்பிவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம்.

வாட்டின் கடைசியில் ஒரு சின்ன அறையில் டொக்டர் மெக்கின்லியும் அந்த வாட்டுக்குப் பொறுப்பான இளம் டொக்டரும் இருந்தார்கள். நான் ஒப்புவிக்கத் தொடங்கினேன். வலது கை விறைத்த இடத்துக்கு வந்தபோது டொக்டர் மெக்கின்லி கையை உயர்த்தினார்.

"நீ யாரைப் பற்றிச் சொல்கிறாய்?"

"யன்னலோரம் இருக்கும் அம்மாவைப் பற்றி."

இளம் டொக்டர் சிரித்துவிட்டார். "அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. மசிடோனியாக்காரர். மகன் தூரத்தில், பேர்த் நகரில் இருக்கிறார், தொலைபேசியில் வயிற்று வலி என்று மட்டும்தான் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் நாளைக் காலை வருகிறார். பித்தப்பையில் கல் இருக்கிறது, நாளைக்கு அதை எடுக்கப்போகிறார்கள்."

டொக்டர் மெக்கின்லி சிரிக்கவில்லை. "மொழிக் கதை பிறகு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி நடந்தார், நாங்கள் பின்னால் போனோம். மிராவின் இடது கையில் இரத்த அழுத்தம் பார்த்தார். வலது கையில் பார்த்தார். திரும்பவும் இரண்டிலும் பார்த்தார். இரண்டு கைக்கும் பெரிய வித்தியாசம். அரை மணித்தியாலத்துக்குள் ஸ்கான் எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் உட்சுவர் கிழிந்துகொண்டு போயிருந்தது. வலி வயிற்றில் தெரிந்தாலும் கிழிந்தது மேலே. உடனே அம்புலன்ஸில் ஏற்றி இதய அறுவைச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் காலை வரைக்கும் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார் என்று டொக்டர் மெக்கின்லி பிறகு என்னிடம் சொன்னார்.

எல்லாம் அடங்கிய பிறகு என்னை அந்தச் சின்ன அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "எந்த மொழியில் சொன்னார்?"

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். இரண்டு மொழியில் வாழ்பவர்களுக்கு இது விளங்கும். ஒருவர் சொன்ன விசயம் ஞாபகம் இருக்கும், எந்த மொழியில் சொன்னார் என்பது ஞாபகம் இருக்காது. கொப்பியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் தமிழில். வலியை நோயாளி விவரிக்கும்போது அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள், நான் மேற்கோள் குறி போட்டு எழுதியிருந்தேன்: "ஈரப் பெட்ஷீற்றை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நிண்டு கிழிச்ச மாதிரி, பிள்ளை."

பிள்ளை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

டொக்டர் மெக்கின்லி அந்த வரியைப் பார்த்தார், அது என்ன என்று கேட்டார், சொன்னேன். கொப்பியை மூடித் தந்துவிட்டு, "உனக்குரிய நோயாளி இவர் இல்லை. அடுத்த கிழமை வேறொருவரைப் பார்" என்றார். அடுத்த கிழமை பார்த்தேன், சித்தியடைந்தேன், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அந்த நோயாளி ஆங்கிலம் பேசும் ஒரு நல்ல மனிதர்.

அன்று பின்னேரம் ரமணனிடம் சொன்னேன். அவர் ரயில் தண்டவாளப் பகுதியில் பொறியியலாளர், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

"நீர் களைச்சுப் போயிருந்தனீர். அவ கையாலை காட்டியிருப்பா, நீர் விளங்கியிருப்பீர்."

"அப்பாவும் அக்காவும் செத்ததைக் கையாலை காட்டேலுமே?"

அவர் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியேல்லையப்பா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்து கிழமைக்குப் பிறகு மிரா தேறி, நடக்கப் பழக்குவதற்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தார். மொழிபெயர்ப்பாளர் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் நானும் போனேன், அந்த நாலு பக்கங்களையும் கொண்டு போனேன். மொழிபெயர்க்க வந்தவர் ஐம்பது வயது மசிடோனியப் பெண். அவர்களுடைய தொழில் முறையில் நோயாளி என்ன சொல்கிறாரோ அதை "நான்" என்றே சொல்வார்கள், தங்கள் கருத்தைச் சேர்க்கமாட்டார்கள்.

நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். கொடியில் பெட்ஷீற், சரி. கை விறைத்தது, சரி. அப்பா, அக்கா, சரி. மிரா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அன்று இதையெல்லாம் எப்படி எனக்கு விளங்கப்படுத்தினீர்கள் என்று கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "நான் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நோவில் எனக்கு வாய் திறக்க முடியவில்லை. நீ வந்து இருந்தாய், குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தாய். இந்தப் பிள்ளை என்னை ஒன்றும் கேட்காமல் என்ன எழுதுகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

என்ன செய்வது என்று தெரியாமல் மிச்சத்தை வாசித்தேன். கடைசிப் பக்கத்தில், பெண்களிடம் வழக்கமாகப் பிள்ளைப்பேறு பற்றிக் கேட்கும் இடத்தில், பிள்ளைகள் மூன்று என்று எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கோப்பில் ஒரு மகன் மட்டும்தான் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் வாசித்துவிட்டேன்.

மிரா யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை அவரையும் ஒருமுறை என்னையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"மகனுக்கு முதல் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஊரில். இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன, பெயர் வைக்க நேரம் கிடைக்கவில்லை. மகனுக்கும் நான் சொன்னதில்லை. இப்போது அவர்களுக்கு என்ன பெயர் என்று உன்னிடம் சொன்னார்களா?"

இல்லை அம்மா, சொல்லவில்லை என்றேன். மிரா என் கையைத் தட்டிக்கொடுத்தார், பரவாயில்லை என்பது போல. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இன்று நான் ட்ருகனினாவில் ஒரு கிளினிக்கில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். அந்த நாலு பக்கங்களும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மிராவைக் கடைசியாகக் கண்ட அன்று திரும்பி வரும்போது ரயிலில் அவற்றை எடுத்துப் பார்த்தேன். ஒருவர் சொல்லும் பெயர் எனக்குச் சரியாகக் கேட்காவிட்டால், பிறகு திரும்பக் கேட்டு நிரப்பலாம் என்று அடைப்புக்குறி போட்டு உள்ளே இடம் விட்டு வைப்பேன், பரிசோதனைக்கூடத்தில் வந்த பழக்கம் அது. பிள்ளைகள் மூன்று என்ற வரிக்குப் பக்கத்தில், என்னுடைய கையெழுத்தில், அப்படி வெறுமையாக விட்ட அடைப்புக்குறிகள் இரண்டு இருந்தன.