பெட்ரோல் மூடியில் வைத்த சோப்பு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நான்கு, என் தங்கை விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் இன்று யார் வாசலிலும் கைகட்டி நிற்காமல் பிழைக்கின்றன. எங்கள் தெருவில் என்னைக் குறைத்து ஒரு வார்த்தை பேசியவர் கிடையாது. அதனாலேயே இதை இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

என் வீட்டுக்காரர் அரியலூரில் ஓர் அரிசி மில் முதலாளிக்குக் கார் ஓட்டினார். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான். நான் அதே மில்லில் களம் கூட்டுவேன், காலையில் காரையும் கழுவுவேன். ஓட்டுகிறவர் என் புருஷன் என்பதால் கார் பளபளவென்று இருக்கவேண்டும் எனக்கு.

இரண்டு கை மாறி வந்த பழைய கார். காலையில் லேசில் கிளம்பாது. சோக்கை இழுத்து, முன்னால் ஹேண்டில் போட்டு ஏழெட்டுச் சுற்றுச் சுற்றினால்தான் உறுமும். அதைப் பார்த்துக்கொண்டவர் கடைவீதிக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒருமுறை பெட்ரோல் டேங்கின் அடியில் கசிவு. துணி துவைக்கிற பார் சோப்பைப் பிசைந்து அப்பி அதை நிறுத்தினார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

"பெட்ரோல் சோப்பைக் கரைக்காது தங்கச்சி. தண்ணிதான் கரைக்கும்" என்று சிரித்தார்.

கொஞ்ச நாளில் முதலாளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெட்ரோல் சீக்கிரம் தீர்கிறதாம். "ஏம்ப்பா, வண்டி குடிக்குதா, இல்ல வேற யாராச்சும் குடிக்கிறீங்களா?" என்று களத்தில் ஆட்கள் நிற்கும்போதே கேட்டார். இவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காரைக் கழுவும்போது பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றி ஈரம், வாடை. உற்றுப் பார்த்தேன். மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. திருடன் இங்கேதான் இருக்கிறான் என்று எனக்குள் ஒரே குதூகலம். கையிலிருந்த சோப்பைக் கிள்ளி அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. பெட்ரோல் மிச்சமாகிறது என்று முதலாளியே சொல்லட்டும், அப்புறம் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அதிலிருந்து வண்டி புதுவிதமாகப் படுத்தியது. கிளம்பும், நாலைந்து மைல் போகும், இருமி இருமி நின்றுவிடும். கால்மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். இவர் பெட்ரோல் பைப்பைக் கழற்றி வாயால் உறிஞ்சி உறிஞ்சி உதடு வெந்துபோனது. மெக்கானிக் அண்ணன் கார்பரேட்டரை இரண்டு தரம் பிரித்துக் கழுவினார், பம்பைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நான் வைத்த சோப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி முடிவுக்கு வந்துவிட்டார். "மண்ணெண்ணெயக் கலந்துட்டு பெட்ரோல விக்கிறான். கையும் களவுமாப் பிடிக்கிறேன். அன்னிக்கே சாவிய வாங்கிடுவேன்."

அரும்பாவூரில் முதலாளியின் சொந்தத்தில் ஒரு விசேஷம். சமையலுக்குக் கூடமாட இருக்க என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பெரம்பலூர் போவதற்குள் மூன்று இடத்தில் நின்றது. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அந்த ஆள் பானெட்டைத் தொடவே இல்லை. நேராகப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

"எந்தப் புண்ணியவானுங்க இதுல சோப்ப வச்சது? எண்ணெ டின்னுல ஒத்த ஓட்டை போட்டா எண்ணெ ஒழுங்கா எறங்குமா? காத்து போக இன்னொரு ஓட்டை வேணும்ல. அதத்தான் அடச்சு வச்சிருக்காங்க."

என் வீட்டு எண்ணெய் டின்னில் நான்தான் ஆணி வைத்து இரண்டு ஓட்டை போடுவேன்.

முதலாளி இவரைத் திரும்பிப் பார்த்தார். "நீதானடா?"

"சத்தியமா நான் இல்லீங்க" என்றார் இவர்.

"அப்ப சோப்பு வைக்கிறவன் யாரு? அந்தப் பட்டறைக்காரன்தான? அன்னிக்கு டேங்குல வச்சவன்தான?"

முதலாளி அதை என்னைப் பார்த்துக் கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்தாங்க, தெரியாம வச்சிட்டேன் என்றிருந்தால் ஏச்சு விழுந்திருக்கும். இவர் கையிலிருந்து சாவியும் போயிருக்கும். ஐந்து வயிறு கண்முன் வந்தது என்று சொல்லலாம். அது பாதிதான் நிஜம். முட்டாள் என்று பேர் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் மீதி.

"ஆமாங்க, அவருதான். மூடிய அவருதான் கழட்டி மாட்டுனாரு, பாத்தேன்" என்றேன்.

மறுநாள் முதலாளி பட்டறைக்கே போய்க் கத்தினாராம். கூட நின்றிருந்த இவர் வந்து சொன்னார்: "ஒரே வார்த்ததான் அண்ணன் கேட்டாரு. எந்த ஓட்டைய அடைக்கணும்னு தெரிஞ்சவனுக்கு எந்த ஓட்டைய அடைக்கக் கூடாதுன்னு தெரியாதா முதலாளின்னு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அடுப்பை ஊதினேன்.

மில் கார் மட்டுமல்ல, முதலாளிக்கு வேண்டியவர்களின் வண்டிகளும் அங்கே போவது நின்றது. டீக்கடையில் பையன்கள்கூட, "என்னண்ணே, இன்னிக்கு எத்தன கட்டி சோப்பு?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் சொல்லிவிடுவது என்று பட்டறைக்குப் போனேன். ஒரே ஒரு ஆயில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. வண்டி இப்ப நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்கண்ணே."

"அது போதும்."

அவர் ஏதோ திருகாணியைத் தேடினார். அது என் கால் பக்கம்தான் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். அடுத்த வருஷம் பட்டறையை மூடிக்கொண்டு திருமானூர் பக்கம் போனார், கரும்பு வயல் எஞ்சின்கள் பார்க்கிறார் என்றார்கள். நாற்பது வருஷத்தில் எத்தனையோ முறை பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. என் வீட்டுக்காரர் சாகும்வரை சாவியை வைத்திருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

"எழுதிட்டியா பாப்பா? எங்க, மொதல்லேருந்து வாசி. 'ஆமாங்க, அவருதான்'னு நான் சொன்ன எடத்துல வேகமாப் போயிடாத. ஆயாவுக்குச் சங்கடமா இருக்கும்னு எதையாச்சும் மாத்தி எழுதியிருந்தா, அதத் திருத்திட்டு வாசி."