கிண்ணம் பிடித்தவள்

ஈப்போவில் நான் வேலை பார்த்த பல் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த என்னை, சமையலுக்கு உதவியாக அவர் வீட்டம்மாதான் அழைத்து வந்தார். கிளினிக்கில் ஆள் குறைந்த ஒரு நாள், நோயாளி துப்புவதற்குக் கிண்ணம் பிடிக்கப் போனேன். போகப் போக, பல்லில் கட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுக்கும் வேலையை டாக்டர் என்னிடமே விட்டுவிட்டார். கொக்கிபோல் வளைந்த ஊசியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு இழுக்க வேண்டும். உள்கட்டையில் கத்தி படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய எனக்கு அது கஷ்டமாகத் தெரியவில்லை. பெண்கள் என்னிடம் கூச்சமில்லாமல் வாயைத் திறந்தார்கள்.

ஒரு நாள் தாப்பா பக்கத்துத் தோட்டத்திலிருந்து பெரிய கங்காணி ஒருவரின் மனைவி வந்தார். வெற்றிலைக் காரை கருத்துக் கெட்டியாகி, முன்பற்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார். "நீரே எடும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். மத்தியானம்வரை எடுத்தேன். இரத்தம் வந்தது, எல்லோருக்கும் வருவதுதான். கடைசியில் கண்ணாடியைப் பார்த்து, "எம் பல்லா தங்கச்சி இது" என்று சிரித்தார்.

சில நாளில் அவரைப் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. தாடை வீங்கிச் சீழ் பிடித்துவிட்டதாம். கன்னத்தைக் கீறியிருந்தார்கள். முன்பற்கள் சிலவும் விழுந்துவிட்டன. கங்காணி வக்கீலைப் பார்த்தார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதற்கு முன் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை.

"பயப்பிட வேண்டாம். தொழில்ல பிழை வந்தா நட்டம் குடுக்கிறதுக்கு நான் இன்சூரன்ஸ் எடுத்து வைச்சிருக்கிறன். ஆனா அதில என்ர கை மட்டும்தான் சேத்தி. உம்மட கை இல்லை."

"அப்படின்னா, ஐயா?"

"பல்லுத் துப்பரவாக்கினது நான். நீர் கிண்ணம் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர். அப்பிடிச் சொன்னாத்தான் அந்த மனுசிக்குக் காசு கிடைக்கும். நீர் செய்ததெண்டா கொம்பனி ஒண்டும் தராது. கங்காணி உம்மைச் சும்மா விடவும் மாட்டார்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கங்காணி மனைவியை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னத்தில் கட்டோடு படுத்திருந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"டாக்டர் செஞ்சாருன்னு சொல்லச் சொல்லி வீட்டுக்காரரு சொல்றாரு" என்றார். வாய் முழுதாகத் திறக்கவில்லை. "காசு வந்தா போதும்லா, யாரு செஞ்சா என்னங்கிறாரு."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க அக்கா?"

"அவரு சொன்னதைத்தான். உன்னைப் புடிச்சிக் கொடுத்து எனக்கு என்ன ஆகப்போவுது?" கன்னத்துக் கட்டைத் தொட்டுக்கொண்டே, "நீ ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டியா தங்கச்சி?" என்று கேட்டார்.

"தெரியலைக்கா."

அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்கவில்லையா? அதிக ஆழம் விட்டுவிட்டேனா? அல்லது காரைதான் அந்தப் பற்களைத் தாங்கி நின்றதா? யாராவது என்னை விசாரித்து, இதுதான் நடந்தது என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

விசாரிக்கக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை கிளினிக்குக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, டாக்டர்தான் மொழிபெயர்த்தார். கங்காணியும் மனைவியோடு வந்திருந்தார். கங்காணி மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே, டாக்டர் செய்தார் என்றார். பிறகு துரை என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் காரை எடுத்தேன். டாக்டர் பக்கத்து ரூம்ல இருந்தாரு" என்றேன்.

டாக்டர் முகம் மாறவில்லை. நிதானமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். 'பேசின்' என்ற சொல் என் காதில் விழுந்தது. அது கிண்ணம் என்று எனக்குத் தெரியும். துரை என்னைப் பார்த்துக் கனிவாகத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நான் சொன்னது கங்காணிக்கு நன்றாகப் புரிந்திருக்கும். அவர் ஜன்னல் வழியே ரிக்‌ஷாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குப் பணம் கிடைத்தது. டாக்டர் என்னைக் கோபிக்கவில்லை. ஊசிகளை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். என்னைத் தேடி வந்த பெண்களுக்கும் அவரே காரை எடுத்தார். நான் கிண்ணம் பிடித்தேன். ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக் கேட்டேன்.

"ஐயா, அன்னைக்கு என் கையிலதான் தப்பா?"

"அது நீர் செய்யேல்லையே. பிறகேன் கேக்கிறீர்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதை அவர் நம்பவே தொடங்கிவிட்டார் என்று தோன்றியது.

அந்த வருடமே வேலையை விட்டேன். கோலா கங்சாரில் ஒரு சீனப் பல் டாக்டருக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். காரை எடுக்கத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். தெரியும் என்றேன். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார், வேலைக்கு வருகிற யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். பதில் வரட்டும் என்று நின்றேன். அவர் அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார். நான் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.