பத்ரோன் விட்டுப்போன ஃபியூசி

ஃபியூசி எண்டு பிரெஞ்சுக்காரன் சொன்னால் துவக்கு, அதுதான் துப்பாக்கி. ஆனால் ரெஸ்ரோறன்ற் குசினியிலை நிக்கிறவைக்கு அது துவக்கில்லை, கத்தி தீட்டிற உருக்குக் கம்பி. என்ரை மனிசன் பத்தொன்பது வருசம் குசினியிலை நிண்டவர். அவருக்கு அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு கருத்துத்தான் தெரியும். அதாலை வந்த வினை இது.

அவரின்ரை பத்ரோன், அதுதான் முதலாளி, பனி முடியிற நேரம் செத்துப்போனார். ஒரு மாதம் கழிச்சு அந்த மனிசனின்ரை பெண்சாதி போன் எடுத்து, "அவர் தன்ரை ஃபியூசியை உமக்குத்தான் குடுக்கச் சொன்னவர், வந்து எடுத்துக்கொண்டு போம்" எண்டு சொல்லியிருக்கிறா. இவருக்குக் கண் கலங்கிப்போச்சு. மான்கொம்புப் பிடி போட்ட கம்பியாம். பத்ரோன் ஒருத்தரையும் அதைத் தொடவிடமாட்டாராம், இவரை மட்டும் விட்டவராம். ஒரு கம்பிக்கு இவ்வளவு உருக்கமா எண்டு நான் பகிடி பண்ணினனான்.

திங்கக்கிழமை இவருக்கு லீவு. புறநகர் பியர்ஃபித்தும் தாண்டி, வயல்வெளி துவங்கிற ஒரு ஊருக்கு ரெயின் எடுத்துப் போனார். மத்தியானம் ரெண்டு மணிபோலை நாலு மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். கையிலை ரெண்டு முழ நீளத்திலை ஒரு மண்ணிறத் தோல் பெட்டி.

"கம்பிக்கு இவ்வளவு பெரிய பெட்டியோ?"

"கத்தி செற்றையும் சேர்த்துத் தந்திட்டா போலை. பாவம், அழுதுகொண்டு நிண்டவ. அங்கை வைச்சுத் திறந்து பாக்கிறது மரியாதையில்லை எண்டு அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

சாப்பாட்டு மேசையிலை வைச்சுத் திறந்தார். சிவப்பு வெல்வெற்றுக்குள்ளை ரெட்டைக் குழல் ஒரு பக்கம், மரப்பிடி மற்றப் பக்கம். மூலையிலை ஒரு சின்னப் பெட்டி தோட்டாவும் கிடந்தது. பத்ரோன் ஞாயிற்றுக்கிழமையளிலை வேட்டைக்குப் போறவர் எண்டது அப்பதான் எங்கள் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

"ஐயோ கடவுளே! உதோடையே கார் து நோர் ரெயில் ஸ்ரேசனுக்குள்ளாலை வந்தனீங்கள்?"

"ஓம். துவக்கோடை நிக்கிற ஆமிக்காரருக்குப் பக்கத்தாலைதான் வந்தனான். ஒருத்தன் பொன்ஜூரும் சொன்னவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏனெண்டால் அந்தக் கிழமை வியாழக்கிழமைதான் அவருக்குப் பிரெபெக்தூர் கந்தோரிலை பிரெஞ்சு நசியொனாலித்தேக்கு, அதுதான் குடியுரிமைக்கு, நேர்முகம். எனக்கும் பிள்ளையளுக்கும் எப்பவோ கிடைச்சிட்டுது. இவருக்கு மட்டும் ஒருக்கால் மறுத்து, திரும்ப எழுதி, கடிதம் வருமோ வருமோ எண்டு காத்திருந்து வந்த நாள். இந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளை துவக்கு. பொலிஸ் கேஸ் எண்டு ஒண்டு பதிஞ்சால் எல்லாம் துலைஞ்சுது.

நான் வாசலுக்கும் யன்னலுக்குமா நடந்தன். "திருப்பிக் கொண்டுபோய்க் குடுங்கோ" எண்டன். அவர் பெட்டியைத் தூக்க, "ஐயோ வேண்டாம், திரும்ப அந்த ஸ்ரேசனுக்குள்ளையோ!" எண்டன். அவர் வைச்சார். கால் ஒரு இடத்திலை நிண்டால்தானே? கடைசியிலை மூண்டாம் மாடிக்கு ஓடினன். அங்கை பாண்டிச்சேரி ஐயா ஒருத்தர் இருக்கிறார். அரசாங்க வேலையிலை இருந்து ஓய்வெடுத்தவர். எங்கடை சனம் கூடி இருக்கிற இந்த லா சப்பலிலை பேப்பர் அலுவல் எண்டால் பாதிப் பேர் அவரிட்டைத்தான் போவினம்.

"அதைத் தூக்கிகினு தெருவுல இறங்கிடாதீங்கம்மா" எண்டார். "பெர்மி, அதான் லைசன்சு, இல்லாம வச்சிருக்கிறதும் தப்பு, எடுத்துகினு போறதும் தப்பு. வேட்டைக்காரன்னா பெர்மி வேணும், அவன் பேருல பதிவு இருக்கணும், பூட்டி வைக்கணும், தோட்டாவ வேற இடத்துல வைக்கணும். செத்துப்போனவர் அப்படித்தான் வச்சிருந்திருப்பார். அந்தம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியல. நீங்க போலீஸ் கொமிசாரியாவுக்கு போன் போடுங்க."

"ஐயா, வியாழக்கிழமை இவருக்கு..."

"தெரியும்மா. மறைச்சாதான் வம்பு. நீங்களே கூப்பிட்டுச் சொல்றது வேற."

மேலை வந்து போன் எடுத்தன். பொலிஸ் பொம்பிளை ஆறுதலாக் கேட்டா. தொடவேண்டாம், வெளியிலை கொண்டுபோகவேண்டாம், பிள்ளையள் இருந்தால் அந்த அறைக்குள்ளை விடவேண்டாம், ஆக்களை அனுப்புறம் எண்டா. வைச்சிட்டுத் திரும்பினால், இந்த மனிசன் குழலைக் கையிலை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளை பாக்கிறார்!

"தொடவேண்டாம் எண்டெல்லே சொல்லுகினம்! என்னப்பா செய்யிறியள்?"

"தோட்டா கிடக்கோ எண்டு பார்த்தனான். ஒண்டும் இல்லை." பதனமாத் திரும்ப வெல்வெற்றுக்குள்ளை வைச்சார்.

"உதெல்லாம் எங்கை பழகினனீங்கள்?"

"அப்பா வைச்சிருந்தவர். வயலுக்கு வாற காட்டுப் பண்டியைக் கலைக்க. லைசன்ஸ் துவக்கு."

இருபத்திரண்டு வருசம் ஒண்டாச் சீவிச்சிருக்கிறம். இவரின்ரை தேப்பனை, என்ரை மாமாவை, ஆமி கொண்டுபோனது, திரும்பி வரேல்லை எண்டது தெரியும். துவக்குக் கதை எனக்குத் தெரியாது. மேலே கேக்க வாய் திறக்க, கீழை மணி அடிச்சுது.

ரெண்டு பேர் வந்திச்சினம். ஒரு இளம் பொம்பிளை, ஒரு வயசான ஆள். நல்ல மரியாதையான சனம். பெட்டியைப் பார்த்து, இலக்கத்தை எழுதி, பத்ரோனின்ரை பெண்சாதியின்ரை நம்பரையும் வாங்கிச்சினம். "கூப்பிட்டது நல்ல வேலை, மேடம்" எண்டார் வயசானவர். எனக்கு அரைவாசி மூச்சு வந்தது. அந்த இளம் பொம்பிளை பெட்டியைப் பூட்டித் தூக்கப் போக, என்ரை மனிசன் அதுக்கு மேலை கையை வைச்சார்.

"ரெசெப்பிசே" எண்டார்.

இந்த நாட்டுக்கு வந்த எங்கடை சனத்துக்கு முதல் பாடமாகிற சொல் அது. குடுத்ததுக்கு அத்தாட்சித் துண்டு. "அது பிறகு அங்கை பதிஞ்சு அனுப்புவம், மிசியு" எண்டா அவ.

"இல்லை. இப்ப."

சந்தையிலை வெண்டிக்காய்க்கும் விலை பேசாத மனிசன்! "விடுங்கோவப்பா! பொலிசோடை கொழுவுற நேரமே? வியாழக்கிழமையை யோசியுங்கோ!" எண்டு கெஞ்சினன். அவர் கையை எடுக்கேல்லை. என்னைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு தமிழிலை சொன்னார்.

"இயக்கப் பெடியள் வந்து அப்பான்ரை துவக்கைக் கேட்டவங்கள். அப்பிடித்தான் ஊரிலை லைசன்ஸ் துவக்கெல்லாம் சேர்த்தவங்கள். அப்பா குடுத்தார். அவங்கள் ஒரு துண்டும் குடுக்கேல்லை, அப்பாவும் கேக்கேல்லை. ஆறு மாதத்தாலை ஆமி லிஸ்ற்றோடை வந்தது. லைசன்ஸ் லிஸ்ற். அதிலை அப்பான்ரை பேர் கிடந்தது. துவக்கு எங்கை எண்டு கேட்டாங்கள். அப்பா உள்ளதைச் சொன்னார். ஆர் நம்பினது? ஒரு கையெழுத்து வைச்சிட்டு வரலாம் எண்டு ஜீப்பிலை ஏத்தினவங்கள்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வியாழக்கிழமையும் மறந்துபோச்சு, பயமும் போச்சு. பொலிஸ்காரரைப் பார்த்து என்ரை உடைஞ்ச பிரெஞ்சிலை, "மிசியு, துண்டில்லாமல் இந்தப் பெட்டி இந்த வீட்டை விட்டுப் போகாது" எண்டன். சொல்லிப்போட்டு நானே திகைச்சன்.

வயசானவருக்குக் கோபம் வரேல்லை. "தரமாட்டம் எண்டு சொல்லேல்லை, மேடம். படிவமும் முத்திரையும் அங்கைதான் இருக்கு. மிசியு எங்களோடை வரட்டும், வாகனம் கீழை நிக்குது. ஒரு கையெழுத்து வைச்சிட்டு வரலாம்."

அதே சொல்லு. இவர் நிமிந்து அவரின்ரை முகத்தைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பின்னாலை கொழுவியிருந்த ஜக்கெற்றை எடுத்துப் போட்டார். "போகாதேங்கோ" எண்டு எனக்கு நெஞ்சுக்குள்ளை கத்தினது, வாயாலை வரேல்லை.

யன்னலாலை பார்த்தன். கீழை கடைத்தெருச் சனம் முருங்கைக்காய்ப் பையளோடை அப்பிடியே நிண்டு விடுப்புப் பார்க்குது. இவர் பின் சீற்றிலை ஏறினார். வாகனம் முக்குத் திரும்ப முந்தியே போன் வரத் துவங்கீட்டுது. "அக்கா, அண்ணையைப் பொலிஸ் பிடிச்சிட்டானாமே?" எண்டு ஒருத்தி. "ஓம், உமக்கென்ன?" எண்டு வைச்சன்.

வியாழக்கிழமைக் கதையை இப்பவே சொல்லிவிடுறன். துண்டையும் ஃபைலுக்குள்ளை வைச்சுக்கொண்டுதான் போனவர், அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை, பிறகு பேப்பரும் கிடைச்சுது. ஆனால் அண்டைக்கு எனக்கு அந்த நேர்முகம் நினைவிலையே இல்லை. இது பிரான்ஸ், இஞ்சை அப்பிடி நடவாது எண்டு எனக்கு நானே நூறு தரம் சொன்னன். கால் நம்பேல்லை. யன்னலுக்கும் வாசலுக்குமா நடந்தன். தண்ணி குடிக்கப் போய்க் குடிக்காமல் வந்தன். இவரின்ரை நம்பரை அடிச்சன், போன் அறைக்குள்ளையே அடிச்சுது. ஜீப் போன திசையைப் பார்த்துக்கொண்டு மாமி எப்பிடி ஒரு இடத்திலை இருந்திருப்பா எண்டு முதல் முதலா யோசிச்சன்.

ஒண்டரை மணித்தியாலத்தாலை படியிலை செருப்புச் சத்தம் கேட்டுது. மூச்சிளைக்க வந்து நிண்டு துண்டை நீட்டினார். பேர், இலக்கம், கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் இருந்ததாம். நான் பாக்கேல்லை. அவரின்ரை நெஞ்சிலை ரெண்டு குத்துக் குத்திப்போட்டு ஓவெண்டு அழுதன்.

"ஏன் இப்ப அழுறீர்? முத்திரையும் குத்தித் தந்திட்டாங்கள்" எண்டார்.

"துண்டுக்கில்லையப்பா. ஏத்திக்கொண்டு போனவங்கள் திரும்ப விட்டிட்டாங்களே, அதுக்கு" எண்டன்.

அவர் வாசல்படியிலையே இருந்திட்டார். அண்டைக்குத்தான் அவர் தேப்பனுக்காக அழுததை நான் பார்த்தன்.