கறுப்பு ஏரிக்கு அக்கரை

ஃபின்லேக்கு ஊரில் பெயர் கொக்கு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே எங்கள் லூயிஸ் தீவில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். பட்டப்பெயர் சேர்க்காமல் யாரைச் சொல்கிறோம் என்பதே விளங்காது. அவர் உயரம், ஒல்லி, பேச்சு கிடையாது. அதனால் கொக்கு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு தறி வைத்து ட்வீட் கம்பளித் துணி நெய்தார். தறி ஓடும்போது பேச வேண்டிய தேவை இல்லை என்பதற்காகவே அந்தத் தொழிலுக்கு வந்தவர் என்று என் அம்மா சொல்வாள். தாயார் போனபின் தனியாக இருந்தார். நான் சொல்லப்போகிற அறுபத்து நாலாம் வருஷம் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

வருஷத்தில் பதினைந்து நாள் அவர் தறியை நிறுத்துவார். மே மாதம், பீட் வெட்டுகிற காலம். ஊருக்கு வெளியே மூர் என்கிற சதுப்பு வெளியில் மேல் புல்லை உரித்தால் அடியில் வெண்ணெய் மாதிரி கறுப்பு மண். அதைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்தால்தான் எங்களுக்குக் குளிர்காலத்துக்கு அடுப்பு. இது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே நின்று நீளப்பிடி வெட்டிரும்பால் மண்ணைச் சீவி இறக்க வேண்டும். இன்னொருவர் பள்ளத்தில் நின்று, அது கீழே விழுமுன் இரண்டு கையாலும் வாங்கி, அதே வேகத்தில் வெளியே ஹெதர் புதர் மேல் வீச வேண்டும். ஈரக் கட்டி ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். வெட்டுகிறவருக்கும் வீசுகிறவருக்கும் மூச்சு ஒன்றாகப் போகாவிட்டால் மத்தியானத்துக்குள் சண்டை வந்துவிடும். புருஷன் பெண்சாதிகளே அப்படிப் பிரிந்துபோய் வேறு வேறு ஆளோடு வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஃபின்லேக்கு வீசுகிறவள் டோலினா. மூன்று வீடு தள்ளி இருந்தவள். புருஷனைப் போரில் கடல் கொண்டுபோனது. மகள் கிளாஸ்கோவில் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அவர் வெட்ட இவள் வீசினாள். வெட்டியதில் ஆளுக்குப் பாதி. இடையில் வேறு எதுவும் இருந்ததா என்று ஊர் பல வருஷம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அலுத்து விட்டுவிட்டது.

அவர் ஒருமுறைகூட அவளைக் கூப்பிட்டதில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் தன் வெட்டிரும்பைக் கொண்டுபோய் அவள் வீட்டு வேலிப்படலில் சாத்திவிட்டு வருவார். அவள் அதை எடுத்து உள்ளே வைத்தால் சம்மதம். மறுநாள் காலை அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே மூருக்கு வந்துவிடுவாள்.

அந்த வருஷம் ஏப்ரலில் ஃபின்லேக்கு நெஞ்சுச்சளி. பத்து நாள் படுக்கை. அதற்குள் எவண்டர் அவள் கதவைத் தட்டிவிட்டான்.

எவண்டர் தென்கடலில் திமிங்கில வேட்டைக் கப்பலில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, அந்தத் தொழிலே முடிந்துபோய் ஊர் திரும்பியவன். அகன்ற மார்பு, உரத்த சிரிப்பு, வாய் ஓயாது. அவன் அப்பாவின் பீட் பள்ளம் லோக் தூவுக்கு வடகரையில் இருந்தது. ஃபின்லேயுடையது தென்கரையில். லோக் தூ என்றால் கறுப்பு ஏரி. சின்ன ஏரி. மரமில்லாத அந்த வெட்டவெளியில் யாரோ கைக்கண்ணாடியைத் தவறவிட்டுப் போனது போலக் கிடக்கும். கல் எறிந்தால் அக்கரை சேராது. சொல் எறிந்தால் சேரும். காற்றில்லாத நாளில் எதிர்க்கரையில் ஒருவர் தேநீர் உறிஞ்சுவதுகூடக் கேட்கும். அதனால்தான் ஏரிக்கரையில் யாரும் புறம் பேசுவதில்லை.

ஃபின்லே உடம்பு தேறி எழுந்து, வழக்கம் போல வெட்டிரும்பைப் படலில் சாத்தினார். டோலினா வீட்டில் இல்லை. இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்து துருப்பிடிக்குமே என்று எடுத்துக் கொட்டகைக்குள் வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. இரும்பு உள்ளே போனதை ஃபின்லே தன் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் தென்கரையில் தீ மூட்டி, கெட்டில் வைத்து, ஓட் ரொட்டியும் உப்பு மீனும் இரண்டு பேருக்கு எடுத்து வைத்துக் காத்திருந்தார். பக்கத்துப் பள்ளத்தில் நானும் என் அக்கா கென்னாவும் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணி இருக்கும். தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. டோலினாவின் சிரிப்பு. அவள் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பென்குவின் உன் தொப்பியைத் தூக்கிட்டுப் போச்சா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா எவண்டர்?"

"சத்தியமா. திருப்பிக் கேட்டேன், குடுக்கல. ஞாயித்துக்கிழமை அதைப் போட்டுக்கிட்டு கோயிலுக்கே போச்சு."

ஃபின்லே கெட்டிலைத் தீயிலிருந்து இறக்கினார். இரண்டாவது கோப்பையைப் பையில் போட்டார். அப்புறம் நேரே வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த தன் அப்பாவின் பழைய வெட்டிரும்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவருடையது டோலினாவின் கொட்டகையிலேயே இருந்தது. அதைக் கேட்டு வாங்க ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் அவரிடம் இல்லை.

தனியாக வெட்டினார். மேலே நின்று பத்துக் கட்டி வெட்டுவது, பள்ளத்தில் குதித்து அதை வீசுவது, மறுபடி ஏறுவது. கென்னா என்னை இடித்தாள். "போய்ச் சொல்லேன்டா, நாம ஒரு நாள் வீசித் தரோம்னு." நான் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே, "பழக்கமில்லாத கைக்கு வராது, தம்பி" என்றார்.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் அவர் இடம் மாறினார்.

அவர் பள்ளத்துக்கும் ஏரிக்கும் நடுவில் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு வரப்பு உண்டு. கத்தி படாத இடம். ஏரியைப் பிடித்து நிறுத்தியிருந்தது அதுதான். அவர் அப்பாவோ தாத்தாவோ அதில் ஒரு சீவல்கூட எடுத்ததில்லை. ஃபின்லே அதன்மேல் ஏறி நின்று வெட்ட ஆரம்பித்தார். எப்போதும் வெட்டுகிற இடத்தில் முதுகு ஏரியைப் பார்த்து இருக்கும். வரப்பில் நின்றால் முகம் அக்கரையைப் பார்க்கும். கென்னாவுக்கு இது முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் சொல்லவில்லை. ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதைக் கவனிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதை அவரிடமே போய்ச் சொல்கிற தைரியம் கிடையாது.

அங்கிருந்து அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். எவண்டர் வெட்டுவதற்கும் டோலினா வாங்குவதற்கும் இடையில் இமைப்பொழுதுகூட இல்லை. கட்டி இரும்பை விட்டு நழுவும்போதே அவள் கைகள் அங்கே இருந்தன. முதல் மூன்று நாளிலேயே. ஃபின்லேயோடு அந்த லயம் வர எத்தனை வருஷம் ஆனது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு கட்டி சீவுவார், நிமிர்வார், பார்ப்பார். மறுபடி குனியும்போது வரப்பில் இன்னும் ஒரு விரற்கடை குறைந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம், எவண்டர் என்னவோ சொன்னதற்கு டோலினா பள்ளத்தில் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபின்லே வெட்டிரும்பைக் கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டார் போலிருக்கிறது. வரப்பு வாயைத் திறந்தது. முதலில் ஒரு கை அகலத்துக்குப் பழுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. அடுத்த நொடி ஒரு கதவளவு மண் அப்படியே பெயர்ந்து பள்ளத்துக்குள் போயிற்று. ஏரி அதன் பின்னாலேயே இறங்கியது. அவர் அத்தனை நாளும் வெட்டிப் போட்டதெல்லாம் மிதந்துகொண்டு எங்கள் பள்ளத்தை நோக்கி வந்தது.

அப்போதுதான் ஃபின்லே கத்தினார். நாங்கள் பத்தடியில் நிற்கிறோம், எங்களைக் கூப்பிடவில்லை.

"டோலினா."

மூர் முழுக்க அது கேட்டது. சாலையில் ஆடு ஓட்டிப்போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

எவண்டர்தான் முதலில் ஓடி வந்தான். அந்த உடம்புக்கு அப்படி ஓடுவான் என்று நினைக்கவில்லை. பின்னாலேயே அவள். அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஹெதர் வேரோடு பெரிய பெரிய புல்கட்டிகளாக வெட்ட ஆரம்பித்தான். டோலினா வாங்கி வீசினாள். உடைப்பின் நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஃபின்லே அவற்றைத் திணித்தார். நானும் கென்னாவும் கல் சுமந்து போட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பற்கள் கிட்டி, உதடு நீலம் பாரித்து நின்ற அந்த நேரத்திலும் அவர் கண் கட்டிகளின் மேல் இல்லை. அவன் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் இருந்தது.

உடைப்பு அடைபட்டபோது ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது. கரையைச் சுற்றிக் கறுப்புச் சேறு ஒரு வளையமாகத் தெரிந்தது. ஃபின்லேயின் தீ, கெட்டில், ரொட்டி எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. அதனால் எல்லோரும் எவண்டரின் தீயைச் சுற்றி உட்கார வேண்டியதாயிற்று. ஃபின்லே எவண்டரின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எவண்டரின் கோப்பையில் தேநீர் குடித்தார்.

"உன் தாத்தா தொடல, உன் அப்பா தொடல" என்றாள் டோலினா. "அந்த வரப்புல உனக்கு என்ன வேலை?"

"அங்க மண்ணு நல்லா இருந்துச்சு."

"பாதி தண்ணி அது. காஞ்சா உதிர்ந்துடும். இது உனக்குத் தெரியாதா?"

எவண்டர் புகைக்குழாயைத் தட்டிக்கொண்டே, "விடு டோலினா. அங்கேர்ந்து பாத்தா இந்தக் கரை நல்லாத் தெரியும்" என்றான். கேலியாகச் சொல்லியிருந்தால் ஃபின்லேக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

டோலினாவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"அதான் விஷயமா?"

"நீ இரும்பை உள்ள எடுத்து வச்சே" என்றார் ஃபின்லே.

"மழைக்கு எடுத்து வச்சேன்யா."

"எடுத்து வச்சா வர்றேன்னு அர்த்தம்."

"யார் சொன்னா? என்னைக்காவது நீ சொன்னியா, நான் சொன்னேனா? இருபத்திரண்டு வருஷமா ஒரு இரும்பைச் சாத்திட்டுப் போற. நான் என்ன அந்த இரும்புக்கா வாக்கப்பட்டிருக்கேன்? இந்த மனுசன் கதவைத் தட்டினான். தொப்பியைக் கழட்டினான். வர்றியாம்மான்னு கேட்டான். எனக்கு அது எப்படி இருந்துச்சு தெரியுமா?"

கென்னா என் கையைக் கிள்ளினாள், எழுந்து போகலாம் என்று. என்னால் எழ முடியவில்லை.

ஃபின்லே கோப்பையைக் கீழே வைத்தார். ஈரத் தொப்பி தலையில்தான் இருந்தது. அதைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். எவண்டர் எதிரில் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"எனக்கு வீச வர்றியா?"

"இப்பக் கேட்டா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அதை மீற மாட்டேன். திங்க, செவ்வா, புதன் இங்க. வியாழன், வெள்ளி, சனி உனக்கு. இஷ்டமிருந்தா சொல்லு."

ஃபின்லே எவண்டரைப் பார்த்தார். எவண்டர் தோளைக் குலுக்கி, "எனக்குச் சம்மதம் கொக்கு. உனக்கு?" என்றான்.

"சரி."

"வாயைத் திறந்து சொல்லு" என்றாள் டோலினா.

"சம்மதம்" என்றார். அதைச் சொன்னபோது அவருக்குப் பல் பிடுங்கினது போல இருந்திருக்கும்.

வியாழக்கிழமை டோலினா தோளில் வெட்டிரும்போடு வந்தாள். அவர் வெட்ட, அவள் வீசினாள். வரப்புப் பக்கம் இருவரும் போகவில்லை. அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் மத்தியானம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே அவர், "பென்குவின் எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டது எங்கள் பள்ளம் வரை கேட்டது. "உனக்கு அவர் கதையெல்லாம் தெரியுமா?" என்று அவள் கேட்டாள். அவர் பிட்ட ரொட்டியில் பெரிய பாதியை அவள் பக்கம் நீட்டினார்.

வாரத்தின் முதல் பாதியில் அவர் மூருக்கு வருவதில்லை. தறியிலும் உட்கார்வதில்லை; தறி ஓடினால் வெளியே எதுவும் காதில் விழாது. திங்கட்கிழமை ஊரில் எல்லாப் பெண்களும் துணி துவைப்பார்கள், அவரும் துவைத்தார். முதல் வாரம் சட்டைகள். அடுத்த வாரம் படுக்கை விரிப்புகள், அவர் தாயாருடைய மேஜை விரிப்புகூட. மே கடைசித் திங்களன்று ஜன்னல் திரைகள் கொடியில் ஆடின. பகல் பதினோரு மணிக்கு அவை நன்றாகக் காய்ந்துவிட்டன. காற்று ஏரிப் பக்கமிருந்து வந்தது; அதில் சிரிப்பு ஏதாவது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கொடியருகே கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றார். பிறகு காய்ந்த திரைகளை ஒவ்வொன்றாக உருவி, மறுபடி தொட்டித் தண்ணீருக்குள் போட்டு, சோப்பை எடுத்தார்.