பதினோரு மாதிரித் தாள்கள்

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரர்கள் தேடிக்கொண்டிருந்த அவசரகாலத்தில், ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூர் போன பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரப்பர் தோட்டத்தில் இன்ஜின் ஓட்டுபவர். நகக்கண்ணில் கறுப்பெண்ணெய், காதில் பென்சில். இயந்திரம் விற்கும் கம்பெனி ஒன்றில் விளக்கத்தாள் எழுதும் வேலை கேட்கப் போனார். மாதிரி காட்ட, மடியில் பதினோரு தாள்கள். தண்ணிப் பம்பை எப்படிக் கிளப்புவது, எப்படி நிறுத்துவது என்று படம் போட்டு எழுதியிருந்தார்.

"படிச்சுப் பாருங்க தம்பி. எந்த வரி புரியலன்னு சொன்னா மாத்திடுறேன்."

குழந்தைக்கும் புரியும் என்றேன். அது போதவில்லை அவருக்கு, பின்சீட்டுக்காரரிடமும் நீட்டினார்.

சாலைத் தடுப்பில் பஸ்ஸைச் சோதித்த தமிழ்ப் போலீஸ்காரர், வயர்கள் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, குண்டு செய்யும் முறை என்றார்.

"பம்புங்க ஐயா இது! இந்தத் தம்பி படிச்சாரு, கேளுங்க."

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். துப்பாக்கியும் திரும்பியது.

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க ஐயா" என்றேன்.

அவரைப் போலீஸ் லோரியில் ஏற்றினார்கள். திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அவரோ காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு, லோரி நகரும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எந்த வரி தம்பி?"