அரணைக்குப் போட்ட முடிச்சு

என் மேசை இழுப்பறையில் சாக்குத் தைக்கும் சணல் ஒன்று இருக்கிறது. அதில் ஐந்து முடிச்சுகள். நுனியிலிருந்து ஒவ்வொரு முடிச்சு வரை உள்ள தூரமும் ஒரு பிராணியின் நீளம். முதலாவது பாறையிடுக்குப் பல்லி. என் சுண்டுவிரல் அளவுதான். இரண்டாவது அரணை. பிறகு மரத்துக்கு மரம் தாவும் பறக்கும் ஓணான், வேலி ஓணான். கடைசி முடிச்சு உடும்பு. எங்கள் பழைய கட்டிலின் அகலம்.

கம்பம்மெட்டுக்குக் கேரளப் பக்கம், ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். அண்ணன் மருந்தடிப்பார், மதினி காய் எடுப்பார், எனக்கு ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை. ஞாயிறு ஜெபம் முடிந்ததும் மதினியும் நானும் அளக்கக் கிளம்புவோம். வெயில் காயும் பிராணியின் தலை எந்தக் கல்லில், வால் எந்த வேரில் என்று மதினி கண்ணாலேயே குறித்துக்கொள்வார். அது ஓடியபின் அவர் காட்டிய இடங்களுக்கு நடுவே நான் சணலைப் பிடிப்பேன். இந்தோனேசியத் தீவில் பத்தடி உடும்பும், மடகாஸ்கரில் விரல் நகத்தில் நிற்கும் பச்சோந்தியும் உண்டு என்று ஒருநாள் படித்துச் சொன்னேன். "பத்தடிக்கு இந்தச் சணல் காணாது கொழுந்தனாரே, ஸ்டோர்ல ஒரு உருண்டையா கேட்டு வாங்குங்க" என்றார்.

அரணை என்றால் மட்டும் அவருக்குப் பயம். அது கடித்தால் பிழைக்க முடியாது என்று காய் எடுக்கும் பெண்கள் எல்லோருமே நம்பினார்கள். சருகு அசைந்தால் மதினி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். ஒரு ஞாயிறு நான் அரணையைப் பிடித்து என் விரலைக் கடிக்க வைத்தேன். ஒரு மணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முடிச்சை அவரே போட்டார். மதினிக்குப் பயம் போயிற்று என்று டைரியில் பெருமையாக எழுதினேன்.

அடுத்த மாதம் காய் எடுக்கும்போது மதினியின் காலில் ஏதோ கடித்தது. சருகுக்குள் பழுப்பு வால் நுனி மட்டும் தெரிந்ததாம். பயந்த பெண்களைக் கேலி செய்துவிட்டு மிச்ச வேலையையும் முடித்துத்தான் வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. "அரணைதான். நீங்க அளந்ததுதானே" என்றார் என்னிடம்.

"ஜீப்பைக் கூப்பிடவாடா?" என்று அண்ணன் கேட்டார்.

வேண்டாம் என்றேன். டைரியில் எழுதினேன்: அரணைக் கடி, விஷமில்லை.

மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. மலையிறக்கிக் கொண்டுபோனோம். கடித்தது விரியன் என்றார் டாக்டர். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் மதினியின் உடலோடு மலையேறினோம்.

அண்ணன் இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமஸுக்கு போன் செய்து நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். ஒருமுறைகூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. டைரியில் தவறாக எழுதியதைக் கோடு போட்டு அடித்து, சரியானதை அருகில் எழுதுவது என் வழக்கம். அந்த ஒரு வரியை மட்டும் இன்றுவரை அடிக்க முடியவில்லை.

இன்று காலை வாசற்படியில் ஓர் அரணை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சணலை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஓடிவிட்டது. தலை எங்கே இருந்தது, வால் எங்கே முடிந்தது என்று சொல்ல ஆளில்லை. அவர் போட்ட முடிச்சை விரலால் பிடித்தபடி வெறும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.