ஏழாம் வரிசையில் எழுதிய ‘மேற்படி’

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஓர் அரசுப் பழத்தோட்டத்தில் நான் ஃபீல்டு அசிஸ்டென்ட். சொந்த ஊர் கண்ணமங்கலம். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து அளவு எழுத வேண்டும். திங்கட்கிழமைகளில் வரிசை வரிசையாக நடந்து, எந்த மரம் பூத்தது, எது காய்த்தது, எதில் பூச்சி என்று டைரியில் குறிக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்களின் டைரிகளும் பீரோவில் இருந்தன. எந்த மரத்தை வைப்பது, எதை எடுப்பது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

1. ஓடைக்கு அந்தப் பக்கம்

ஏழாம் வரிசை ஓடைக்கு அப்பால் சரிவில் இருந்தது. பன்னிரண்டு கமலா ஆரஞ்சு மரங்கள். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்க முடியாது. அதனால் ‘பூக்கவில்லை’ என்று முன்பு எழுதியிருந்ததற்குக் கீழே ‘மேற்படி’ என்று போட்டேன். ஓடை வற்றிய பிறகும் அதையே போட்டேன். கை பழகிவிட்டது. சோம்பேறித்தனம்தான், வேறு பெயர் இல்லை. டைரியில் காலி இடம் இருந்தால்தான் ஆபீசில் கேள்வி கேட்பார்கள். ‘மேற்படி’யை யாரும் கேட்டதில்லை. இப்படியே நான்கு வருஷம் ஓடியது.

2. கோடாரி

வேலூரிலிருந்து புது ஆபீசர் வந்தார். நல்ல மனுஷர். காகிதத்தை நம்புகிறவர். ஒரு மத்தியானம் முழுக்க டைரியைப் புரட்டினார்.

“நாலு வருஷமா ஒரு பூ கூட இல்ல. இடம் வேஸ்ட். எடுத்துட்டு சில்வர் ஓக் வெச்சிடலாம். நாளைக்கே வெட்டச் சொல்லுங்க.”

“சரிங்க சார்” என்றேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். பூக்காத மரம்தானே என்று நானே நம்பிக்கொண்டேன்.

மறுநாள் மழைமானி அருகே நின்றிருந்தபோது சின்னப்பொண்ணு ஓடிவந்தாள். தோட்டத்தில் தினக்கூலி. ஏழாம் வரிசை மரங்கள் கன்றாக இருந்தபோது குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் அவள்தான்.

“இன்னா சார் அக்கிரமம் இது? காய்க்கிற மரத்த வெட்டுறாங்க!”

“காய்க்குதா?”

“ரெண்டு வருசமா காய்க்குது சார். நாங்கதான் பறிச்சித் தின்னோம். சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. நீங்கதான் அந்தாண்ட வர்றதே இல்லியே!”

ஓடினேன். ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் இருந்தது. ஐந்து மரங்கள் விழுந்து கிடந்தன. கிளைகளில் கோலிக்குண்டு அளவில் பச்சைக் காய்கள். ஆறாவது மரத்தடியில் நின்றவர்களிடம் நிறுத்தச் சொன்னேன்.

“ஆபீசர் சொல்லாம நிறுத்த முடியாதுங்க. வேணும்னா நீங்க போய்ட்டு வர்ற வரைக்கும் பீடி குடிக்கிறோம்.”

ஆபீசர் பாதி முகச்சவரத்தில் இருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

“சார், டைரி தப்பு. நான் போய்ப் பாக்கல.”

அவர் முதலில் வெட்டுவதை நிறுத்த ஆள் அனுப்பினார். பிறகு மேஜையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

“பாக்காம எழுதினதெல்லாம் நீங்களே அடிங்க. மிச்சத்தைத்தான் நான் நம்ப முடியும்.”

3. சிவப்புப் பென்சில்

மூன்று நாள் அடித்தேன். பார்த்தேனா இல்லையா என்று நினைவில்லாத இடங்களையும் அடிக்க வேண்டியதாயிற்று. உண்மையாக எழுதிய பக்கங்கள்மேலும் எனக்கே சந்தேகம் வந்தது. பின்னால் வந்த மெமோவைவிட அது அதிகம் வலித்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். போகாத நாளைக் காலியாக விடுங்கள். திட்டு விழும், விழட்டும்.

அடுத்த திங்கட்கிழமை ஏழாம் வரிசையில் நின்று எழுதினேன். சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னா எழுதினீங்க, படிங்க.”

“ஒன்று முதல் ஐந்து வரை, காய்த்த மரங்கள், வெட்டப்பட்டன. ஆறு முதல் பன்னிரண்டு வரை, காய் உள்ளது.”

“இன்னாத்துக்கு வெட்டினாங்கன்னு எழுதலியே?”

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: ‘டைரி எழுதுபவர் வந்து பார்க்கவில்லை.’